முந்தின நாள் வண்டி

ஆமை பொய் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது. மற்றவர்கள் சுற்றி வளைத்தால் கேட்கவும் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமையில்லாத குணம்தான் ஒரு நல்ல மனிதரை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி, வண்டி கழுவுகிற கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆமை என்பது எங்கள் பஸ் டிப்போவில் ஓர் ஓட்டுநருக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். ஏறினவர்கள் உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டார். இறங்கினவர்கள் நடைபாதையில் கால் வைத்தார்களா என்று கண்ணாடியில் இரண்டு தடவை பார்ப்பார். "ஆமை வண்டியா? அப்போ நாளைக்குத்தான் போய்ச் சேருவே" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். "நாளைக்காவது முழுசாப் போய்ச் சேருவாங்கல்ல" என்று அவரும் சிரிப்பார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. தலையில் ஒரு நரை கிடையாது. வயது ஐம்பதுக்கு மேல் சொல்ல முடியாது.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிற ஓட்டுநர் கடைசி நாளன்று தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு நடை ஓட்டுவார். வண்டி வாசலைத் தாண்டும்போது உள்ளே நிற்கிற எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கும். காது கிழிந்துவிடும். ஆமை இத்தனை வருஷத்தில் தன் மனைவியை ஒரு தடவைகூடத் தன் வண்டியில் ஏற்றியதில்லை. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "அவ உட்கார்ந்தா நான் கண்ணாடியில அவளைத்தான் பார்ப்பேன், ரோட்டைப் பார்க்க மாட்டேன்" என்றாராம். கடைசி நாள் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இது டிப்போ முழுக்கத் தெரிந்த கதை. எனக்கும் தெரியும்.

நான் அதே டிப்போவின் பதிவறையில் வேலை பார்க்கிறேன். அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் டீசல் புகை, மூடினால் புழுக்கம். இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று உயிரை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, அதன் தலைமேல் என் சாப்பாட்டுப் பை இருக்கும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் அண்ணன். அவரும் இங்கேயே ஓட்டுநர். எனக்காகப் பழைய மேனேஜரின் அறை வாசலில் மூன்று நாள் கால் கடுக்க நின்றவர். அவர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் எண் 318. சின்ன வயதில் வாய்ப்பாடு சரியாக வராத எனக்கு இந்த எண் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

போன வருஷம் ஒரு புது மேனேஜர் வந்தார். வேறு வேலையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் அட்டவணையாகக் கேட்பார். பயணிகள் இரண்டு வருஷமாகக் கொடுத்த புகார்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு பீரோவில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குப் பொறுப்பான ஓட்டுநரின் பேட்ஜ் எண் வேண்டும் என்றார். ஓட்டுநரின் முகத்தையோ எண்ணையோ எந்தப் பயணி பார்க்கிறான்? புகாரில் வண்டி எண்ணும் தேதியும் நேரமும்தான் இருக்கும்.

அதனால் என்ன, என்னிடம் இரண்டு அட்டவணை இருந்தது. ஒன்று புகார் அட்டவணை. இன்னொன்று டூட்டி அட்டவணை. எந்தத் தேதியில் எந்த வண்டியை யார் எடுத்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று டைம்கீப்பர் எழுதிவைத்த நோட்டை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியது. இரண்டு துணியை ஓரம் பிடித்துத் தைக்கிற மாதிரிதான் வேலை. வண்டி எண் ஒன்றாக இருக்கிறதா, தேதி ஒன்றாக இருக்கிறதா, புகாருக்குரிய நேரத்தில் ஓடியது காலை டூட்டியா மாலை டூட்டியா என்று பார்த்து, ஒத்துப்போனால் அந்த பேட்ஜ் எண்ணைப் புகாருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடு. நள்ளிரவுக்குப் பின்னால் வந்த புகார்களை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த நேரத்தில் காலை டூட்டிக்காரர் எங்கே இருக்கப்போகிறார், மாலை டூட்டியில் சேர் என்று எழுதினேன். நாலு வரிதான். பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுக்கும் பெயர் விழுந்திருந்தது.

மேனேஜர் என் அறைக்கே வந்து பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தேன், புகையைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

அந்தப் புகார்களில் பெரும்பாலானவை சில்லறை விவகாரம். சீட் கிழிந்திருக்கிறது, ஸ்டாப்பில் நிறுத்தவில்லை, மீதி சில்லறை தரவில்லை (எங்கள் வண்டிகளில் கண்டக்டர் கிடையாது, டிக்கெட் கொடுப்பதும் ஓட்டுநர்தான்). ஒன்றே ஒன்றுதான் கனமானது. ஒரு முதியவர் கடைசி வண்டியிலிருந்து பின் கதவு வழியாக இறங்கும்போது வண்டி நகர்ந்திருக்கிறது. ரோட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அதன்பின் கோல் இல்லாமல் நடக்கவில்லை. வண்டி நிற்காமல் போய்விட்டது. அவருடைய மகள் எழுதியிருந்தாள்: வண்டி எண் 27, பன்னிரண்டாம் தேதி, நள்ளிரவு தாண்டி மணி பன்னிரண்டு நாற்பது. அதற்குப் பக்கத்தில் என் அட்டவணை ஒட்டியிருந்த எண் 204. அது ஆமையின் எண்.

டிப்போவே வாயைப் பிளந்தது. ஆமையா, அவரா, இருக்கவே இருக்காது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல பெயர் எடுத்தவர் தப்புப் பண்ணக் கூடாது என்று சட்டமா என்ன? அட்டவணைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது. இப்படியெல்லாம் கேண்டீனில் உட்கார்ந்து பெரிய நியாயம் பேசினேன். என் அண்ணன் பக்கத்து மேஜையில் இருந்தார். தட்டைக் கழுவிவிட்டுப் போனார்.

விசாரணை மேனேஜரின் அறையில் நடந்தது. மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, அட்டவணையோடு நான், எதிரில் ஆமை. சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தார். வண்டியை எடுக்கும் முன் தான் எப்படிச் சுற்றிப் பார்ப்பேன், எந்த டார்ச் லைட் வைத்திருக்கிறேன் என்றெல்லாம் போனது பேச்சு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"பன்னெண்டாம் தேதி இருபத்தேழாம் நம்பர் வண்டியில கடைசி டூட்டி யாரு? நீங்கதானே?"

"ஆமாம்மா. ஆனா நீங்க கேக்குறது முந்தின நாள் வண்டிம்மா."

"முந்தின நாளைப் பத்தி யாரும் கேக்கல. பன்னெண்டாம் தேதி டூட்டி உங்களுதா, இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்புறம் என்ன?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். என்னையே பார்த்தார். மாட்டிக்கொண்ட ஆள் அப்படித்தான் பார்ப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "சரிம்மா. நீங்க போட்டது போட்டபடியே இருக்கட்டும்" என்றார். அதையும் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டோம்.

வேலையை விட்டு நீக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை கழுவுகிற கொட்டகையில் வேலை என்று முடிவானது. மறுநாளிலிருந்து ஆமை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்து வண்டிகளின் வயிற்றைக் கழுவினார். தான் ஓட்டிய வண்டியையே கழுவினார். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் பக்கம் போனால், "என்னம்மா, சாப்டாச்சா?" என்று கேட்பார். என்ன தைரியம் பார் என்று நினைத்துக்கொள்வேன். மறு உத்தரவு என்று ஒன்று வரவேயில்லை. எட்டு மாதம் ஓடியது.

எட்டாவது மாதத்தில், ஒரு பதினெட்டாம் தேதி, மேனேஜர் இன்னொரு அட்டவணை கேட்டார். ஒவ்வோர் ஓட்டுநரும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்று தெரிய வேண்டுமாம். உள்ளே வந்த நேரத்திலிருந்து வெளியே போன நேரத்தைக் கழித்தால் விடை. கழித்தேன். வரிசையாக எட்டு, எட்டரை, ஒன்பது என்று வந்துகொண்டிருந்ததில் திடீரென்று மைனஸ் பதினாலே முக்கால். வண்டியே ஓட்டாமல் பதினாலே முக்கால் மணி நேரம் திருப்பிக் கொடுத்த மகான் யாரடா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. வரியைப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கு வெளியே, ஒன்றேகால் மணிக்கு உள்ளே. இரண்டுக்கும் ஒரே தேதி. கடைசி வண்டிகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

டைம்கீப்பருக்கு போன் போட்டேன். நோட்டில் தேதியைத் தப்பாக எழுதிவைக்கிறீர்களே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தப்பு ஒன்றும் இல்லை, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் அது கிளம்பின நாளோட கணக்குத்தான், விடிகாலை நாலு மணிக்கு முதல் வண்டி வெளியே போகும்போதுதான் நோட்டில் புதுப் பக்கம் திருப்புவோம், முப்பது நாப்பது வருஷமா அப்படித்தான் என்றார். கடைசியில், "உங்க அண்ணன் வீட்ல இதெல்லாம் பேச மாட்டாரா?" என்று கேட்டார்.

பேசாமல் என்ன? மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நான். கடைசி டூட்டி முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறவரை அண்ணி கேலி செய்வாள்: தேதி மாறிப் போச்சுங்க, இது நாளைக்குச் சாப்பாடு. நான் தூங்கி எழுந்தால்தான் நாளை என்பார் அண்ணன். இந்தப் பேச்சை நூறு தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன். வீட்டில் தெரிந்தது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோனது. நள்ளிரவானால் தேதி மாறும் என்று கம்ப்யூட்டர் சொன்னது, நானும் தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் தேதி பன்னிரண்டு நாற்பது என்றால், டிப்போ கணக்கில் அது பதினொன்றாம் தேதி வண்டி. முந்தின நாள் வண்டி. அவர் அதைத்தான் சொன்னார். தெளிவாக, மூன்றே வார்த்தையில் சொன்னார்.

பழைய வரிகளைத் திறந்தேன். மணி நான்குக்கு முன்னால் இருந்தால் தேதியில் ஒரு நாளைக் கழித்துவிட்டு ஒப்பிடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் இருபத்து மூன்று மாறியது. இருபத்திரண்டு ஒன்றுமில்லாத விஷயம். அந்த ஒன்றில் 204 போய் 318 வந்து உட்கார்ந்திருந்தது. திரையை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். 318.

அன்று அண்ணனுக்கு ஓய்வு நாள். சாயங்காலம் நான் மாடிக்குப் போனபோது படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணியும் பெண் குழந்தைகள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பிரஷை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார். கதவை மூடும்போது ஏதோ சத்தம் கேட்டதாம். கண்ணாடியில் பார்த்தாராம், இருட்டாக இருந்ததாம். "ரெண்டாவது தடவை பார்க்கல, பாப்பா" என்றார். முப்பத்தைந்து வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். ஆமையின் பேரை அட்டவணை காட்டியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். என்னைக் கேட்டா போட்டே, நீயாப் போட்டே, நான் என்ன சொல்ல என்றார். பிறகு ஷூவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். கையில் கறுப்பு ஒட்டியது.

ஒன்றாம் தேதி அவருக்கு ஓட்டுநர் பயிற்சியாளராக உத்தரவு வர இருந்தது. அது கைக்கு வந்துவிட்டால் போதும், தானே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பயிற்சியாளர் ஆகிவிட்டால் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்; இப்போது சொன்னால் பதவியும் போகும், இருக்கையும் போகும், இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

நான் சரி என்றேன். எட்டு மாதம் பொறுத்தவர் இன்னும் பன்னிரண்டு நாள் பொறுக்க மாட்டாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்போது இந்த வாக்கியம் என் கையைச் சுடுகிறது, ஆனாலும் அன்று அதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

அந்த நாட்களில் கழுவுகிற கொட்டகைப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் வாசலில் வைத்து ஆமையே என்னைப் பிடித்துக்கொண்டார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறேன், அது என்ன ஆச்சு என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். என்ன மனு என்று சொல்ல ஆரம்பித்தார், வழக்கம்போல எங்கேயோ தொடங்கி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பார்க்கிறேன் ஐயா, பார்த்துச் சொல்றேன்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி எல்லா நாளையும் போலத்தான் போனது. ஹாரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்காத சத்தத்தை யார் கவனிப்பார்கள்?

ஒன்றாம் தேதி காலையில் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. மாதா மாதம் வருகிறதுதான். வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் முடிவுத் தேதியைப் போட வேண்டும். ஒரே ஓர் எண்தான் இருந்தது. 204. ஓய்வு, முப்பதாம் தேதி.

பணியாளர் அட்டவணை என்று மூன்றாவதாக ஒன்று என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் எல்லோருடைய பிறந்த தேதியும் ஓய்வுத் தேதியும் உண்டு. பன்னிரண்டு நாளில் ஒரு தடவை, ஒரே தடவை, நான் அதைத் திறந்து பார்த்திருக்கலாம். நரையில்லாத தலையைப் பார்த்து இன்னும் நாலைந்து வருஷம் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

நேரே பயிற்சியாளர் அறைக்கு ஓடினேன். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். உத்தரவு மேஜைமேல் இருந்தது. வாங்க, இப்பவே மேனேஜர்கிட்ட போகலாம் என்றேன். அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார்.

"இனிமே எதுக்கு பாப்பா? அவர்தான் போயாச்சே."

எனக்காக மூன்று நாள் கால் கடுக்க நின்ற மனிதர் அவர். நான் அவரைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தனியாகவே மேனேஜரிடம் போனேன்.

மேனேஜர் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு மேஜை ஓரத்துத் தட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஆமையின் மனு. ஓட்டுநர் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. முப்பதாம் தேதி ஒரே ஒரு நடை, டிப்போவிலிருந்து அடுத்த ஸ்டாப்வரை போதும், பக்கத்தில் வேறு ஓட்டுநர் உட்கார்ந்திருந்தாலும் சம்மதம், மனைவியை ஏற்றிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார். குறுக்கே மேனேஜரின் கையெழுத்து: புகார் நிலுவையில் உள்ளது, அனுமதி இல்லை.

"நேத்து வந்திருந்தாக்கூட நானே சாவியை எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றார் மேனேஜர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வேலையில் இருப்பவருக்குத்தான் உத்தரவு போட முடியும், வேலையில் இல்லாதவரை இருக்கையில் உட்கார வைக்க விதி இல்லை. பதிவை மட்டும் திருத்தச் சொன்னார். திருத்தினேன். அண்ணனின் உத்தரவு அன்று மத்தியானமே திரும்பிப் போனது. மாடியிலிருந்து இப்போது யாரும் கீழே வருவதில்லை. பெண்கள் வந்தால்கூட அண்ணி கூப்பிட்டுவிடுகிறாள். அது எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆமையின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். இரண்டு அறை வீடு. வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழுவித் தலைகீழாகக் காய வைத்திருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைக் காட்டினார்.

நான் தேதி விஷயத்தைச் சொன்னேன். நான்கு மணிக்கு முன்னால், ஒரு நாளைக் கழிப்பது, எல்லாம். ஆமை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஏதோ வண்டி ரிப்பேரைப் பற்றிக் கேட்பதுபோல. முடித்ததும் சொன்னார்.

"பன்னெண்டாம் தேதி சாயங்காலம் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி சுத்திப் பார்த்தேன்மா. பின் கதவு மடங்குற இடுக்குல ஒத்தைச் செருப்பு ஒண்ணு சிக்கிக் கிடந்துச்சு. வயசானவங்க போடுற செருப்பு. நேத்துக் கடைசி வண்டி உங்க அண்ணன்தானேன்னு அவர்கிட்டதான் கொடுத்தேன். விசாரணையில புகாரைப் படிச்சப்பதான் எனக்கு விளங்குச்சு."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நீ உங்க அண்ணனைக் காப்பாத்தத்தான் என் நம்பரைப் போட்டேன்னு நெனச்சேன். கூடப் பிறந்தவ வேற என்ன பண்ணுவா? டிப்போவுல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க."

எட்டு மாதம். நான் கேண்டீனில் நியாயம் பேசியபோதெல்லாம் சுற்றி இருந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். சத்தியமாகத் தெரியாது, தெரியாமல்தான் போட்டேன், அண்ணன் பெயர் அதில் இருக்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை என்று சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். விசாரணையில் பார்த்த அதே பார்வை. பிறகு மெல்ல முகம் தெளிந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா, தெரியாமத்தான் பண்ணியிருக்கு" என்றார். அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நிலைப்படியில் நின்றார்.

"அதுதான்மா எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வண்டி கழுவுறது பெரிசில்ல. தெரிஞ்சே ஒரு பொண்ணு இப்படிப் பண்ணிடுச்சேன்னுதான். தெரியாமன்னா அது வேற" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

அவருக்குப் பின்னால் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. யாரும் இன்னும் தாளைத் திருப்பவில்லை. முப்பதைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம், மனைவி போட்டதாக இருக்கும், கொஞ்சம் கோணலாக. ஒன்றாம் தேதி என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அன்று காலை தெரிந்தது, உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்றால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். தேதியைத் தப்பாகப் போட்டு ஒரு தடவை அவர் வாழ்க்கையைக் கெடுத்தாகிவிட்டது. இன்னொரு தடவை போட எனக்கு வாய் வரவில்லை.

"பதினெட்டாம் தேதி" என்றேன்.

அவர் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். பதினெட்டைப் பார்த்தார், கீழே இறங்கி வட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபடி ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தார். அவர் போட்ட ஒப்பீட்டில் தப்பே இல்லை.

மனைவியின் கையிலிருந்து செம்பை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.